சுருக்கம் போடும் வெளிச்சம்

(பொதுமக்கள் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையைக் கூப்பி வணக்கம் சொன்னேன், நீங்களும் சொன்னீர்கள். தயவுசெய்து இன்னொரு தரம் கூப்புங்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை இரண்டு கையும் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒட்டும். ஒட்டாமல் போகும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அம்மா என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உட்கார்ந்ததும் கையைக் கூப்பிக் காட்டினார். விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன, மணிக்கட்டுகள் தொட்டுக்கொண்டன, நடுவில் மட்டும் இடைவெளி. "கோயில்ல கும்பிட்டா நடுவுல எலி ஓடுற அளவு சந்து இருக்கு டாக்டர்" என்றார், சிரித்துக்கொண்டேதான். மோதிரத்தை ஆசாரி வெட்டித்தான் எடுத்தாராம். இட்லியை நாலாகப் பிட்டால்தான் வாய்க்குள் போகிறதாம். மார்கழியில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் முதலில் வெளுத்து, அப்புறம் நீலமாகி, கொஞ்ச நேரம் கழித்துச் சிவக்கிறதாம். இந்த நிறமாற்றத்தை 1862-ல் பிரான்சில் மாரிஸ் ரெய்னோ என்ற மருத்துவர் தன் பட்ட ஆய்வில் எழுதினார். இன்றைக்கும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறோம்.

அதே காலத்தில் இன்னொருத்தி வந்தாள். பதினாறு வயதுப் பெண், கூடவே அவள் அம்மா. இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படை. நடுவில் தந்தம் மாதிரி வெளுத்துப் பளபளப்பு, சுற்றிலும் கறுப்பு. விரலால் கிள்ளினேன், தோல் பிடியில் வரவில்லை, பலகையைக் கிள்ளுவது போல இருந்தது. அந்த இடத்தில் முடி இல்லை. சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் நனைந்திருந்தது, அந்தப் படையில் மட்டும் பொட்டு வியர்வை கிடையாது. அம்மாவுக்கு ஒரே பயம்தான். நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை, "அதுவா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். தொழுநோயைத்தான் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும். இல்லை, அது இல்லை.

பாடப்புத்தகம் இந்த இருவருக்கும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது: ஸ்கிளிரோடெர்மா. கிரேக்க மொழியில் ஸ்கிளிரோஸ் என்றால் கெட்டி, டெர்மா என்றால் தோல். இணைப்புத் திசு இறுகிப்போகிற நோய். இந்த ஒற்றைப் பெயர் செய்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சிறுமிக்கு வந்தது ஓரிடத்தில் வந்து, பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிற வகை. அதை மார்ஃபியா என்கிறோம். அம்மாவுக்கு வந்ததோ தோலில் தொடங்கி உணவுக்குழாய், நுரையீரல், சிறுநீரகம் என்று உள்ளே போகிற வகை. இன்று நான் பேச வந்திருக்கும் ஒளி சிகிச்சை இந்த இருவரில் யாருக்கு, எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "லைட் வெச்சா தோல் இளகிடுமாமே" என்று கேட்டு வருகிறவர்கள் எந்த வகை என்று சொல்வதில்லை. சொல்லத் தெரிவதும் இல்லை, அது அவர்கள் குற்றமில்லை.

முதலில் தோல் ஏன் இறுகுகிறது என்று பார்ப்போம். மேல்தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்படுகை இருக்கிறது. நம்மூர் வீடுகளில் கயிற்றுக் கட்டில் இருந்ததே, நினைத்துக்கொள்ளுங்கள். படுத்தால் இறங்கும், எழுந்தால் ஏறும். அந்தத் தொய்வுதான் கட்டிலின் சுகம். நாள்பட்டால் கயிறு தளரும், ஒருவர் உட்கார்ந்து இழுத்துக் கட்டுவார். தோலிலும் நார் நெய்கிற செல்கள் இருக்கின்றன. பழைய நாரை அறுத்துப் போட்டுப் புதிதாக நெய்துகொண்டே இருக்கும். ஸ்கிளிரோடெர்மாவில் உடலின் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடி, "நெய், நெய்" என்று ஓயாமல் கட்டளை போடுகின்றன. அந்தக் கட்டளையைக் கொண்டுபோகிற வேதிப்பொருள்களில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா. நெய்வது நிற்காது, அறுப்பது நடக்காது. கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக் கடைசியில் கட்டில் பலகையாகிவிடுகிறது. வியர்வைச் சுரப்பியும் முடிக்காலும் அந்த நாருக்குள் நெரிபட்டுச் சாகின்றன. சிறுமியின் தொடை வியர்க்காததற்குக் காரணம் அதுதான்.

இனி ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொல்கிறேன். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு புகைப்படம் வந்தது. 69 வயது மனிதர், 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் வலப்பக்கம் வயதுக்கு ஏற்ற முகம். இடப்பக்கம் அவருடைய அப்பாவின் முகம் மாதிரி, உழுதுபோட்ட நிலம்போல மடிப்பு மடிப்பாக இருந்தது. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார், சன்னல் அந்தப் பக்கம். நம்மூரில் என்றால் வலது கன்னம்தான் அப்படி ஆகும். சன்னல் கண்ணாடி தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கிற புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடுகிறது. புற ஊதா-ஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. சுடாது, எரியாது, சிவக்காது. ஆனால் இருபத்தெட்டு வருடம் அடித்தோல்வரை இறங்கி நாரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எப்படி அறுக்கிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிஷர், வூர்ஹீஸ் குழுவினர் 1990-களில் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்தில் தோல் செல்கள் கொலாஜனை வெட்டும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் எம்எம்பி-1. ஒவ்வொரு வெயிலுக்கும் கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் அரைகுறைப் பழுதுபார்ப்பு. வருடக்கணக்கில் சேர்ந்தால் அதற்குப் பெயர் சுருக்கம்.

நீங்கள் இந்நேரம் யூகித்திருப்பீர்கள். நார் அதிகமாகி இறுகின இடத்தில் இந்தக் கத்திரியை வேண்டுமென்றே இறக்கினால் என்ன? புற ஊதா-ஏ1 சிகிச்சை அதுதான். அழகுசாதன விளம்பரம் எந்த வெளிச்சத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று களிம்பு விற்கிறதோ, அதே வெளிச்சம்தான் மருந்து.

வெளிச்சத்தை மருந்தாக்குவது புதிதல்ல. கோபன்ஹேகனில் நீல்ஸ் ஃபின்சன் என்ற மருத்துவர் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்து முகத்தை அரிக்கும் தோல் காசநோயை ஆற்றினார். 1896-ல் அதற்காகவே ஒரு நிலையம் தொடங்கினார், 1903-ல் நோபல் பரிசு வாங்கினார், மறு வருடமே 43 வயதில் இறந்தார். ஆனால் நமக்கு இன்னும் கிட்டத்து உறவு ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று கேட்டால் கறுப்பாக, மொச்சை வாசனையோடு சின்ன விதை கொடுப்பார்கள். குளியல் பொடியில் சேர்ப்போம். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய வைத்தியம். அதில் இருக்கும் பொருளுக்குச் சோரலன் என்று பெயர். தோலில் சோரலன் இருக்கும்போது புற ஊதா-ஏ பட்டால் அதன் வேகம் பல மடங்காகும். எகிப்தில் வேறொரு செடியின் விதையிலிருந்து இதே குடும்பத்துப் பொருளைப் பிரித்து, 1940-களில் எல் மோஃப்தி என்ற மருத்துவர் வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் சோரலன் மாத்திரையோடு புற ஊதா-ஏ விளக்கைச் சேர்த்துச் சொரியாசிஸுக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் குழுவில் மது பாதக் என்ற இந்தியரும் இருந்தார். அதுதான் இன்று பல மருத்துவமனைகளில் இருக்கிற பூவா பெட்டி.

ஓர் எச்சரிக்கை, நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். கார்போகரிசியை வீட்டில் அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் நின்றவர் ஒருவர், முதுகெல்லாம் கொப்புளத்தோடு என்னிடம் வந்தார். விதையில் எவ்வளவு சத்து, வெயிலில் எவ்வளவு கதிர், இரண்டும் தெரியாமல் பெருக்கினால் விடை அப்படித்தான் வரும்.

புற ஊதா-ஏ1 சங்கதிக்கு வருகிறேன். புற ஊதா-ஏ என்பது 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம். அதில் 340-க்குக் கீழே உள்ள பகுதி சுடுகிற குணத்தில் பி கதிருக்குச் சித்தப்பா பிள்ளை. அதை வடிகட்டிவிட்டு 340-லிருந்து 400 வரை மட்டும் அனுப்பினால், தோலைச் சுடாமல் ஆழத்துக்கு அனுப்பலாம், சோரலனும் வேண்டாம். இப்படி வடிகட்டுகிற விளக்கை 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செய்தார்கள். அதன் சூட்டைத் தணிக்கக் காற்று வீசிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கரப்பான் நோய்க்குத்தான் அதைப் பயன்படுத்தினார்கள். 1990-களின் நடுவில் ஜெர்மன் மருத்துவர்கள் மார்ஃபியாவுக்குத் திருப்பினார்கள். 1997-ல் டுசெல்டார்ஃப் குழு ஒரு தடவைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 130 ஜூல் வீதம் 30 தடவை கொடுத்தது. கையால் தடவிப் பார்த்ததோடு நிற்காமல் அல்ட்ராசவுண்ட் வைத்துத் தோலின் கனத்தையும் அளந்தார்கள். கனம் குறைந்தது. ஆனால் அது மிகச் சில நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு.

நான் மதிக்கிற ஆய்வு 2006-ல் ஜெர்மனியின் போஹும் நகரத்திலிருந்து க்ராய்ட்டர் குழு வெளியிட்டது. 64 நோயாளிகளைச் சீட்டுப் போடுவதுபோல மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு ஏ1, 20 ஜூல். இன்னொன்றுக்கு நடுத்தர அளவு, 50 ஜூல். மூன்றாவதற்கு நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் குறும்பட்டை புற ஊதா-பி. வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். மூன்று குழுவிலும் தோல் இளகியது. நடுத்தர ஏ1, பி கதிரைவிட நன்றாக வேலை செய்தது.

இதைப் படித்ததும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆய்வில் வெளிச்சமே காட்டாத நாலாவது குழு இல்லை. படையாக வரும் மார்ஃபியா பலருக்கு மூன்று, நான்கு, ஐந்து வருடத்தில் தானாகவே இளகக்கூடியது. அப்படியானால் இளகியதில் விளக்கின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு? எட்டே வாரத்தில் இளகியது என்பது விளக்கின் பக்கம் நல்ல சாட்சி. முழுச் சாட்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

"நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? மாடியில படுத்தா போதாதா?" இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளி இல்லை. நல்ல கேள்வி. தரைக்கு வந்துசேரும் புற ஊதாக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஏ வகைதான். தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். நம் உச்சிவெயிலில் ஏ1 மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு நாலு மில்லிவாட் என்று வையுங்கள். 50 ஜூல் சேர 12,500 விநாடி வேண்டும். மூன்றரை மணி நேரம்! அதுவும் முழு நேரமும் உச்சியிலேயே சூரியன் நின்றுகொண்டிருந்தால். இப்படி நாற்பது நாள். மிச்ச ஐந்து பங்கு பி கதிர் அதற்குள் தோலை வேகவைத்திருக்கும், வெப்பம் ஆளையே சாய்த்திருக்கும். விளக்குக்காரர்கள் காசு வாங்குவது வெளிச்சத்துக்கு அல்ல, வடிகட்டிக்கு.

அடுத்தது நிறம். ஐரோப்பாவில் எழுதிய புத்தகம் படையின் ஓரத்தில் ஊதா வளையம் தெரிந்தால் நோய் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் என்கிறது. நம் தோலில் அந்த ஊதாவைத் தேடிக் களைத்துப்போவீர்கள். பழுப்போ கறுப்போதான் தெரியும். கன்றி, கதகதப்பாக, வாரத்துக்கு வாரம் அகலமானால் உயிரோடு இருக்கிறது என்று கொள்ள வேண்டும். நான் ஒளி ஊடுருவும் ஓஹெச்பி தாளைப் படையின் மேல் வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்து தேதி போட்டு வைப்பேன். அடுத்த முறை அதே தாளை வைத்துப் பார்த்தால் வளர்ந்ததா இல்லையா என்று நோயாளிக்கே தெரிந்துவிடும்.

கறுத்த தோலில் இந்த வெளிச்சம் வேலை செய்யுமா? 2008-ல் ஒரே வருடத்தில் இரண்டு பதில் வந்தன. மிச்சிகன் குழு, தோலில் நிறமி கூடக்கூட விளக்கின் பலன் குறைகிறது என்றது. சிகிச்சையிலேயே தோல் கறுக்கிறதல்லவா, அந்தக் கறுப்பே பின்வரும் தவணைகளுக்குக் குடை பிடிக்கிறது என்பது அவர்கள் வாதம். டாலஸ் குழு, வெள்ளையிலிருந்து கரும்பழுப்புவரை 101 நோயாளிகளின் குறிப்பைப் புரட்டிவிட்டு, எல்லா நிறத்திலும் வேலை செய்கிறது என்றது. முன்னது தோலுக்குள் நடக்கும் வேதியியலை அளந்தது, பின்னது நோயாளிக்குக் குணம் தெரிந்ததா என்று பார்த்தது. என் சாய்வு டாலஸ் பக்கம். மிச்சிகன் சொன்னதையும் தள்ளிவிடுவதில்லை. வெளுப்பான ஆளுக்கு எழுதிய அளவு நமக்குக் குறையலாம்.

அந்தக் கறுப்புக்கு வீட்டில் வேறொரு விலை உண்டு. சிகிச்சையை விளக்கி முடித்ததும் சிறுமியின் அம்மா கேட்ட முதல் கேள்வி புற்றுநோய் வருமா என்பதல்ல. "கறுத்துடுமா டாக்டர்? நாளைக்குக் கட்டிக்குடுக்க வேண்டிய பிள்ளை" என்பதுதான். தொடையில் என்றதும் கொஞ்சம் சமாதானமானார். எனக்குக் கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. புற்றுநோய்க் கேள்வியை நானே எடுத்துச் சொன்னேன். தோலைக் கறுக்கவைக்கும் செயற்கைப் புற ஊதாப் படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-ல் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பட்டியல் அது. ஆகவே மருத்துவ விளக்குக்கும் கணக்கு உண்டு: எத்தனை தவணை, மொத்தம் எத்தனை ஜூல் என்று குறித்துவைப்போம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவோம், திரும்பத் திரும்பக் கொடுக்க மாட்டோம். திரும்பக் கொடுக்க வேண்டிய நிலை வருவதும் உண்டு. ஏ1-ல் குணமான மார்ஃபியா நோயாளிகளைப் பின்தொடர்ந்த டாலஸ் ஆய்வொன்றில் மூன்றாண்டுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் மறுபடி தலைகாட்டியது.

குழந்தைகளுக்கு நெற்றியிலிருந்து உச்சிவரை வாள் வெட்டுப் போலப் பள்ளமாக ஒரு வகை வரும். கையிலோ காலிலோ நீளக் கோடாக வந்து மூட்டைக் கடக்கும் வகையும் உண்டு. அங்கே விளக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஆழம் அதிகம், எலும்பு வளர்ச்சியே குன்றும். மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை உடனே தொடங்க வேண்டும்.

சரி, கை கூடாத அந்த அம்மா? அவர் மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்து, "அங்கே ஏ1 லைட் இருக்கா டாக்டர், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்றார். நல்ல பிள்ளை. அவரிடம் ஓர் ஆய்வைச் சொன்னேன். இதே நோய் உள்ளவர்களின் ஒரு கையை ஏ1 விளக்கில் வைத்தார்கள், மறு கையை விட்டுவிட்டார்கள். முடிவில் இரண்டு கைக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. வேறு சில சிறிய ஆய்வுகளில் விரல் கொஞ்சம் இளகியதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: எந்தப் புற ஊதா அலைநீளமும் தோலைத் துளைத்து நுரையீரலுக்குப் போகாது. நுரையீரலில் நார் படிந்தால் மைகோஃபீனோலேட் மாதிரி மருந்து வேண்டும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால் அது சிறுநீரகத்தின் அபயக்குரல். ஒரு காலத்தில் அந்தக் கட்டத்தை எட்டியவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. கேப்டோப்ரில் வகை மாத்திரைகள் வந்தபிறகு நிலைமை மாறியது. அதனால் அவர் மகனிடம், "விளக்குக்குச் செலவு செய்ய வேண்டாம் தம்பி, வீட்டுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கிக் குடுங்க" என்றேன். யாரோ பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை போடக்கூடாது, அது சிறுநீரகத்தை அந்தக் கட்டத்துக்குத் தள்ளிவிடலாம் என்பதையும் சொன்னேன்.

ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைச் சோரலனோடு கலந்து ஒளி காட்டி, மறுபடி உடலுக்குள் விடுகிற முறை ஒன்றும் உண்டு. எடெல்சன் குழு 1987-ல் ஒருவகைத் தோல் புற்றுக்கு அதைக் கொண்டுவந்தது. ஸ்கிளிரோடெர்மாவுக்கும் செய்து பார்த்தார்கள். வெறும் நாடகமாக இயந்திரத்தோடு இணைத்த குழுவோடு ஒப்பிட்ட ஆய்வில் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. அதோடு விட்டுவிடுகிறேன்.

சிறுமியின் கதையை முடிக்க வேண்டும். ஏ1 விளக்கு நம் நாட்டில் அரிது, அப்போது எங்களிடமும் இல்லை. அந்தப் படையில் மட்டும் சோரலன் பூசி, பூவா விளக்கைக் காட்டினோம். வாரம் மூன்று நாள், பள்ளி விட்டதும் சீருடையோடு வந்து உட்காருவாள், பாடம் படித்துக்கொண்டே. மூன்றாவது மாதம் தொடையைக் கிள்ளினேன், தோல் விரலோடு வந்தது. அவளே இன்னொரு தரம் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். கறுப்பு மட்டும் போகவில்லை என்று அம்மா இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறார். அவள் ஓஹெச்பி தாள்கள் ஆறு என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்றாவது தாளிலிருந்து கோடு உள்ளே வருகிறது. அதில் விளக்கு இழுத்தது எவ்வளவு, அவள் உடம்பே இழுத்துக்கொண்டது எவ்வளவு என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முன்வரிசையில் ஐயா வெகுநேரமாகக் கையைக் கூப்பிக் கூப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐயா, சர்க்கரை நோய் இருந்தாலும் அந்தச் சந்து வரும். மேலே வாருங்கள், பார்த்துவிடலாம்.